வாயில்தான் கோளாறு

நண்பனைப் படம் வரைவது, நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுப்பது மாதிரி. ஆரம்பிக்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். முடியும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது.

இந்த ஞானம் எனக்குப் பழவேற்காட்டில், ஏரிக்கரையில், ஒரு பூவரச மரத்தடியில் சித்தித்தது.

நண்பன் என்னோடு பொன்னேரியில் பி.காம். படித்தவன். அவனுக்கு பேலன்ஸ் ஷீட் ஒருநாளும் டாலி ஆகாது. எனக்கும் ஆகாது. சிநேகிதம் உண்டாக இதைவிட என்ன வேண்டும்? படிப்பு முடிந்ததும் நான் கணக்கு எழுதப் போனேன். அவன் அப்பா, தாத்தா வழியில் ஏரியில் இறங்கிவிட்டான். அவன் பெயரை இங்கே போடப் போவதில்லை. "படம் எழுதி மானத்த வாங்கனது போதும். பேரையும் போட்டேன்னு வெய்யி, கடன்காரனுக்கு சௌகரியமா பூடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

எனக்கு எப்படி இந்தப் படம் வரைகிற வியாதி வந்தது என்று கேட்பீர்கள். டாக்டர்தான் காரணம். பி.பி. பார்த்துவிட்டு, "டென்ஷனைக் குறைங்க. ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க" என்றார். ஸ்டாம்பு சேர்க்கலாமென்றால் இப்போதெல்லாம் யார் கடிதம் போடுகிறார்கள்? வாட்டர் கலரைத் தேர்ந்தெடுத்தேன். பாதிச் சரக்கு தண்ணீர், தண்ணீர் இலவசம், ஆகவே செலவு பாதி என்று கணக்கு. (காமர்ஸ் புத்தி!) கடைக்குப் போனபிறகுதான் தெரிந்தது, தண்ணீருக்கு ஈடு கொடுக்கும் தாள் முன்னூறு ஜி.எஸ்.எம். கனம் இருக்க வேண்டுமாம். சாதாரணத் தாளில் ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி எழும்பிக்கொள்ளும். அந்தக் கனத் தாள் ஒன்றின் விலையில் இரண்டு பேர் மீன் சாப்பாடு சாப்பிடலாம்.

சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. நீர்வண்ணத்தில் முகங்களை வரைந்து பெயர் வாங்கிய நம்ம ராஜ்குமார் ஸ்தபதியின் படங்களைப் பார்த்துவிட்டேன். 'இவ்வளவுதானே, நாமும் முகம் வரையலாமே' என்று தோன்றியது. டெண்டுல்கர் ஆடுவதைப் பார்த்துவிட்டு பேட் வாங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

அந்தச் சமயத்தில்தான் நண்பனின் அம்மா கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் டீக்கடை பெஞ்சை வரைந்து வைத்திருந்த நோட்டை அம்மா புரட்டிப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். மாலை போட்டு வரிசையாக நாலு படம். தாத்தா, ஆயா, பெரியப்பா, கடைசியில் நண்பனின் அப்பா.

"எங்க வூட்டுச் செவுத்துல ஏறுனவங்க எல்லாம் போய்ச் சேந்தவங்கதான் கண்ணு. இவன உசுரோட இருக்கசொல்லவே ஒரு படம் எயுதிக் குடேன்."

அப்பாவின் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எதற்கோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதுபண்ணி, ஸ்டூடியோக்காரர் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். உதட்டில் லேசாக ரோஸ் கலர்.

"ஆபீசர் கணக்கா கீறாரு. கண்ணு அவருதுதான். வாய் அவருது இல்ல" என்றார் அம்மா, கொஞ்சங்கூட வருத்தமில்லாமல், கறிவேப்பிலை சரியில்லை என்பது மாதிரி.

நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பேனா பிடித்தவன் வாய்க்கு பிரேக் கிடையாது.

* * *

முதல் சிக்கல், மாடல் கிடைக்கவில்லை. "நாளைக்கு வரட்டுமா?" என்றால், "நாளைக்கு எங்க பாடுடா" என்பான்.

இந்தப் 'பாடு' என்பதை நீங்கள் 'என் பாடு, உன் பாடு' என்று நினைத்துவிடக் கூடாது. பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற முறை. ஏரியில் வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் சிலதுதான். எல்லாரும் ஒரே நாளில் பாய்ந்தால் அடிதடி. அதனால் இடத்தைப் பிரித்து, ஆளைப் பிரித்து, முறை வைத்துப் போகிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். சுமார் இடம் கிடைத்தவருக்கு நல்ல இடம் வரும். பார்ட்னர்ஷிப் கணக்கை மூன்று வருஷம் படித்தேன், இவ்வளவு நேர்த்தியான பங்கீட்டை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. (ஒரு குறையும் உண்டு. பாட்டில் பங்கில்லாதவர்களுக்கும் அதே ஏரிதான் சோறு. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையாலேயே இறால் தடவி எடுக்கும் இருளர் பெண்களை அங்கே பார்க்கலாம்.)

ஆக, அவன் பாடு இல்லாத ஒருநாளில் என் பாடு ஆரம்பித்தது.

பூவரச மரத்தடியில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் போராடி முடித்து, சட்டென்று திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யார்ரா இவன்?"

"நீதான்."

"நான் எப்படா தலையில துண்டு கட்னேன்?"

உண்மைதான். அவன் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையில், பையில் ரீசார்ஜ் ரசீதோடு உட்கார்ந்திருந்தான். நான் வரைந்தது தலையில் முண்டாசு, தோளில் வலை, மார்பெல்லாம் கட்டுக்கட்டாகச் சதை, தூரத்தில் அஸ்தமனச் சூரியன்.

"இது காலண்டர் மீனவன்டா. கீழ கூட்டுறவு பேங்க் பேரப் போட்டுக் குடு, ஆணியில மாட்டிடலாம்."

இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார்களுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஓவியர்கள் நீர்வண்ணத்தில் ஆல்பம் ஆல்பமாக வரைந்து தள்ளினார்கள். கம்பெனி ஓவியம் என்று பெயர். பக்கத்துக்கு ஒரு தொழில். ஒரு புருஷன், ஒரு பெண்ஜாதி, கையில் அந்தத் தொழிலின் சாமான். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இந்த ரகப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நகை, புடவைக்கரை, பல்லக்கு எல்லாம் அவ்வளவு நுணுக்கம். ஆனால் பெரும்பாலும் கீழே ஜாதியும் தொழிலும் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. துரைக்கு வேண்டியது 'ஒரு மீனவன்'. அவன் பெயர் முனுசாமியா, முருகேசனா என்பது அநாவசியம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆபீஸில் குப்பை கொட்டிய காலத்தில், "எனக்குப் பழவேற்காட்டுல ஒரு ஃபிஷர்மேன் ஃபிரெண்டு இருக்கான் ஸார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மானேஜர் வரைக்கும் இறால் வாங்கிக் கொடுத்து செல்வாக்குத் தேடிக்கொண்டவன். பதினைந்து வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்ததும் முண்டாசு கட்டிய அந்தக் காலண்டர்காரனைத்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

* * *

இரண்டாவது தடவை உஷாராகப் போனேன். சட்டை, கட்டம், பை, எல்லாம் இருந்தபடியே. ஆனால் நிறத்தில் மாட்டிக்கொண்டேன்.

நண்பன் நல்ல கறுப்பு. கறுப்பு என்றால் கறுப்பு ட்யூபைப் பிதுக்க வேண்டியதுதானே? பிதுக்கினேன். தாளில் அடுப்புக்கரி உட்கார்ந்துகொண்டது. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், நம்ம ஊர்த் தோலுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவே கூடாது. பர்ன்ட் சியன்னா என்று செங்கல் பழுப்பு ஒன்று, அல்ட்ராமரைன் நீலம் ஒன்று. இரண்டையும் கலந்து, மெல்லிசாக ஒன்றின்மேல் ஒன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும். நெற்றியும் கன்ன எலும்பும் மினுங்குகிற இடத்தில் பார்த்தால், அங்கே தெரிவது வானத்தின் நீலம்! கறுப்புத் தோல் வானத்தைப் பிரதிபலிக்கும். முகப்பவுடர் விளம்பரக்காரர்கள் இதை நமக்குச் சொன்னதே கிடையாது.

நடுவில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. "இவ்ளோ பெரிய ஏரி கீது, தண்ணிக்கா பஞ்சம்?" என்று ஒரு மக்கில் மொண்டு கொடுத்தான் நண்பன். நானும் தோய்த்துவிட்டேன். பழவேற்காடு ஏரி உப்பங்கழி. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே இரண்டாவது பெரிசு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்புக் குறையும், கோடையில் ஏறும். நாங்கள் உட்கார்ந்திருந்தது சித்திரை வெயிலில். உப்பு ஈரத்தை விடுமா? கடற்காற்று வேறு. வலது கன்னம் காயவே இல்லை. தொட்டுப் பார்த்ததில் என் கட்டைவிரல் ரேகை அழகாகப் பதிந்துவிட்டது.

மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ம் தேதி அங்கிருந்து கிளம்பிய சந்திரயான்-3, ஆகஸ்ட் 23-ல் நிலாவில் ஜம்மென்று இறங்கியது. அரை அடித் தாளில் எனக்கு ஒரு மூக்கைச் சரியான இடத்தில் இறக்க முடியவில்லை.

நண்பன் பார்த்தான். "நம்மூரு டச்சுக்காரன் கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பான், பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"அதுக்கு இத்தவிட முகவெட்டுடா."

(டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அதே நூற்றாண்டில் அவர்கள் ஊர் ரெம்பிராண்ட், ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து முகம் முகமாக வரைந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டில் மிச்சமிருப்பது இடிபாடும், கல்லறைகளும், அந்த இரண்டு எலும்புக்கூடும்தான்.)

ஆனால் அன்றைக்கு என்னை நிஜமாகவே உதைத்தது வாய். கண் ஓரளவு வந்துவிட்டது. வாயில் கல்லூரிக் காலத்துச் சிரிப்பைப் போட்டிருந்தேன். காண்டீனில் பஜ்ஜிக் கணக்கில் ஏமாற்றிவிட்டு வருவானே, அந்தச் சிரிப்பு. படத்தில் கண் ஒருத்தனுடையதாகவும், வாய் வேறொருத்தனுடையதாகவும் இருந்தது.

ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்று ஒரு அமெரிக்க ஓவியர். 1856-ல் பிறந்தவர். சீமான்களும் சீமாட்டிகளும் அவரிடம் படம் எழுதிக்கொள்ளக் காத்துக் கிடந்தார்கள். மனிதருக்கு ஒருகட்டத்தில் அலுத்துப்போய், 1907 வாக்கில் அந்தக் கடையையே மூடிவிட்டு, மலை, படகு, வெயில் என்று நீர்வண்ணப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். உருவப்படம் என்றால் வாயில் ஏதோ கோளாறு உள்ள படம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அவருக்கே அந்த கதி.

* * *

மூன்றாம் முறை போனபோது நண்பன் வீட்டுத் திண்ணையில் வலையைப் பரப்பிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். "அசையாம உக்காருன்னா முடியாது. வேல கீது" என்றான். நானும் அதுவே நல்லது என்று எதிரே உட்கார்ந்தேன்.

நீர்வண்ணத்தில் ஒரு விசேஷம். வெள்ளை நிறம் என்று எதையும் பூசுவதில்லை. (டப்பாவில் ஒரு வெள்ளை ட்யூப் இருக்கும். பெரியவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.) எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும். எதைத் தொடக் கூடாது என்பதை முதலிலேயே தீர்மானம் பண்ண வேண்டும். ஒரு தடவை நிறம் ஏறிவிட்டால் போச்சு.

நெற்றி, கண், மூக்கு எல்லாம் முடிந்தது. வாய் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவைத்தேன். உதட்டுக்குக் கோடு கிழிக்கவே கூடாதாம். மேல் உதடு நிழலில் இருக்கும். கீழ் உதடு வெளிச்சத்தில் இருக்கும், அதற்கு அடியில் விழுகிற நிழலை மட்டும் போட்டால் உதடு தானாக வந்துவிடும் என்று படித்திருந்தேன். அதனால் கோடு கிழிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருத்தன் வாயையே பத்து நிமிஷம் பார்த்தால் அவன் ஏதாவது பேசித்தான் ஆகவேண்டும்.

"இன்னாடா பாக்கற?"

"வாய். வரவே மாட்டேங்குது."

ஊசியை வலையில் கோத்து இழுத்தான். "எங்க நைனா போனதும் வாய்லதான்."

"எந்த வாய்?"

"ஏரி வாய்டா. முகத்துவாரம்."

2010-ல் நாங்கள் இரண்டாம் வருஷம். அவன் அப்பா கடலில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. காரியத்துக்குப் போனேன். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து பரீட்சைக்கு வந்தான். நான் அவனிடம் முதலில் கேட்டது, "மச்சான், காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் வெச்சிருக்கியா?"

அதன்பிறகு அந்த இடத்தை நான் தொட்டதே இல்லை. அவனும் சொன்னதில்லை. தாளில் விட்ட வெள்ளை மாதிரி அப்படியே இருந்தது.

"கடல்லேர்ந்து ஏரிக்குள்ள திரும்பற எடம். மண்ணு மேடு தட்டிப் போயிருந்துச்சு. மேல அலை ஒடையுது, கீழ மண்ணு இடிக்குது. படகு நட்டமா எழும்பிக் கவுந்துகிச்சு. மூணு பேருடா. ரெண்டு பேரு கரை ஏறிட்டோம்."

"ஏறிட்டோமா?"

"நானும்தான் இருந்தேன் படகுல. செமஸ்டர் லீவுல்ல? நாலு நாளு போனா பரீட்சை ஃபீஸ் தேறும்னு நைனாதான் கூட்டிக்கினு போச்சு."

என் கையில் பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது.

பதினைந்து வருஷம். எத்தனை தடவை அவனிடம் இறால் வாங்கியிருப்பேன். அவன் ஏன் கடலுக்குப் போவதே இல்லை, ஏரியோடு நிறுத்திக்கொள்கிறான் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

"அம்மா சத்தியம் வாங்கிகிச்சு. முகத்துவாரம் தாண்டக் கூடாதுன்னு."

"அப்போ அந்தப் பக்கமே போறதில்லையா?"

சிரித்தான். சிரிப்பென்று சொல்ல முடியாது. "போவாம? அது மூடிக்கினா எங்களுக்கு சோறே இல்லடா."

விஷயம் இதுதான். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளரும். அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் அந்த வழியை அடைத்துவிட்டால் இறாலும் வராது, கடலுக்குப் போகிற படகுகளுக்கும் வழியில்லை. வெயிலில் ஏரி சுருங்கி, உப்பேறிப்போகும். மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழி தேடும். தூண்டில் வளைவு போட்டு முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லி இந்தக் கிராமங்கள் பல வருஷம் கேட்டு வந்திருக்கின்றன. அடைத்துக்கொண்ட சமயங்களில் மீனவர்களே திரண்டு போய் மணலைத் தோண்டியிருக்கிறார்கள்.

"நானும்தான் போவேன் மம்பட்டிய எடுத்துக்கினு. நைனாவ முழுங்குன வாய நாமளே தொறந்துவுடறோம் பாரு..." என்றவன், பாதியில் நிறுத்தி, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டான். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியது. அவ்வளவுதான். திரும்ப வலைக்குக் குனிந்துவிட்டான்.

நான் பர்ன்ட் சியன்னாவில் நீலம் தொட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, (நல்ல தண்ணீர்தான், பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன்) இரண்டு இழுப்பு இழுத்தேன். மேல் உதட்டுக்கு ஒன்று. கீழ் உதட்டுக்கு அடியில் ஒன்று. மூன்றாவது இழுப்புக்குக் கை போனது. வேண்டாமென்று பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

* * *

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 'சரி, மூன்றாவது தாளும் போச்சு' என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காரியம் செய்தார். உள்ளங்கையால் படத்தின் மேல்பாதியை மறைத்தார். கண், மூக்கு, நெற்றி எல்லாம் கைக்குள் போய்விட்டது. வாய் மட்டும் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அவருது" என்றார்.

கையை எடுத்தார். மறுபடி முழுப் படத்தையும் பார்த்தார். "புள்ளைக்கும் அதேதான். இத்தினி நாளா பாக்கல பாரு."

நண்பன் வலையை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

சுவரில் இடம் காலியாக இருந்தது. ஆணிகூட இருந்தது. அம்மா அதில் மாட்டவில்லை. "அது வேணாம், அங்க இவன் ஏற வேணாம்" என்று டி.வி. பக்கத்தில், அரிசி டின்னுக்கு மேலே சாய்த்து வைத்தார். சுவரிலிருந்து கோட்டும் டையுமாக அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு டீ போட அம்மா உள்ளே போய்விட்டார். டீ வர வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆயிற்று.

நண்பன் மெதுவாக எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றான். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"எல்லாம் சரி மச்சான். எனக்கு இவ்ளோ பெரிய மூக்கா?"

சார்ஜென்ட் இப்போது இருந்தால் ஒரு கார்டு போட்டிருப்பேன். வாயைச் சரிபண்ணிவிட்டால், கோளாறு மூக்குக்குப் போய்விடுகிறது ஸார்.